முகாம் பட்டியலும் வராமல்போன பிள்ளைகளும்

புறப்பாட முகாம் என்றதும் ஆசிரியர்களாகிய நாம் முதலில் பேசுவது அனுமதிக் கடிதம், பேருந்து, உணவு, பாதுகாப்பு ஆகியவற்றைப் பற்றித்தான். இவற்றுக்கெல்லாம் கோப்பு உண்டு; கூட்டக் குறிப்பு உண்டு. ஆனால், பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பும் ஒரு தாளைப்பற்றி நாம் அதிகம் சிந்திப்பதில்லை. 'கொண்டுவர வேண்டிய பொருள்கள்' என்று தலைப்பிட்ட தாள் அது. எந்தப் பிள்ளை முகாமுக்கு வரும், எந்தப் பிள்ளை வீட்டிலேயே இருந்துவிடும் என்பதைப் பல வேளைகளில் அந்தத் தாள்தான் முடிவுசெய்கிறது. இதைப்பற்றி ஆசிரிய நண்பர்களும் பெற்றோரும் மனம்விட்டுப் பேசவேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

பட்டியல் சொல்லும் விலை

வழக்கமான பட்டியல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உறங்குபை, மலையேறும் காலணி, மழையங்கி, நெற்றி விளக்கு, பெரிய முதுகுப்பை, நீர் புகாத உறை, தரைவிரிப்பு. பெரியவர்களின் மலையேற்றத்திற்காக யாரோ தயாரித்த பட்டியல், கைமாறிக் கைமாறி ஆண்டு 4 பிள்ளையின் பையில் வந்து சேர்ந்திருக்கிறது. இவற்றையெல்லாம் புதிதாக வாங்கினால், மலிவாகத் தேடினாலும் 250 ரிங்கிட் எளிதாகக் கரைந்துவிடும். ஒரே வீட்டில் இரு பிள்ளைகள் என்றால் 500 ரிங்கிட். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். அச்சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஒருவருக்கு, மூன்று நாள் முகாமுக்காக மாத வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைச் செலவிடச் சொல்கிறோம். 2023 முதல் வருமான வரம்பின்றி எல்லா மாணவர்களுக்கும் வழங்கப்பட்டுவரும் பள்ளித் தொடக்க உதவித்தொகை 150 ரிங்கிட். அதுவும் சீருடைக்கும் காலணிக்கும் பைக்குமே போய்விடுகிறது.

'எங்களிடம் பணம் இல்லை' என்று எந்தத் தாயும் ஆசிரியரிடம் சொல்வதில்லை. 'பிள்ளைக்குக் காய்ச்சல், டீச்சர்' என்பார். 'ஊரில் கல்யாணம் இருக்கிறது, சார்' என்பார். பல ஆண்டுகள் பணியாற்றிய ஆசிரியர் எவருக்கும் இந்தக் காய்ச்சலின் பெயர் தெரியும். முகாம் முடிந்த திங்கட்கிழமை, மற்றப் பிள்ளைகள் ஆற்றையும் அட்டையையும் பற்றி ஓயாமல் பேசும்போது அந்தப் பிள்ளை பென்சிலைச் சீவிக்கொண்டிருக்கும். போதாததற்கு, மொழிப்பாட வேளையில் நாமே 'நான் சென்ற முகாம்' என்று கட்டுரைத் தலைப்பும் கொடுத்துவிடுகிறோம்.

நம் காட்டுக்கு என்ன தேவை?

சிக்கலில் பாதி, தேவையற்ற பொருள்களைக் கேட்பதால் வருகிறது. நம் நாட்டின் தாழ்நிலக் காட்டில் இரவும் வெப்பமாகவே இருக்கும். அங்கே தடித்த உறங்குபைக்குள் படுத்த பிள்ளை வியர்த்து விழித்துக்கொள்ளும். ஒரு கைலியும் மெல்லிய போர்வையும் போதும். இவை இல்லாத வீடு நம்மிடையே இல்லை. கேமரன்மலை போன்று ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் தங்கினால் நிலைமை வேறு. அங்கே கம்பளிச்சட்டையும் காலுறையும் தடித்த போர்வையும் கட்டாயம் வேண்டும். எனவே, இடத்திற்கேற்ற பட்டியல் வேண்டுமே தவிர, எல்லா முகாமுக்கும் ஒரே பட்டியலை நகலெடுத்துக் கொடுப்பது சரியன்று.

காலணியைப் பாருங்கள். பால்மரம் வெட்டுவோர் அணியும் கறுப்பு ரப்பர் காலணியை, 'கம்போங் அடிடாஸ்' என்று நாடே செல்லமாக அழைக்கிறது. நம் பாட்டன் பாட்டிமார் பலரின் காலில் இருந்ததும் அதுதான். அடியில் முண்டுமுண்டாக இருப்பதால் சேற்றில் நன்றாகப் பிடிக்கும். தண்ணீரில் நனைந்தாலும் கழுவிக் கவிழ்த்தால் விரைவில் காய்ந்துவிடும். கைதேர்ந்த மலையேறிகளே அதை விரும்பி அணிகின்றனர். விலையோ, கடைகளில் மலையேற்றத்திற்கென விற்கும் காலணியின் விலையில் ஒரு சிறு பகுதிதான். உடையும் அப்படியே. பருத்திச் சட்டை நனைந்தால் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உடலைக் குளிரவைக்கும். விளையாட்டு இல்லத்தின் ஜெர்சி விரைவில் உலர்ந்துவிடும். அது ஏற்கெனவே பிள்ளையிடம் இருக்கிறது. அட்டைக்கு அஞ்சுவோர் நீண்ட காலுறையை அணிந்து, காற்சட்டையின் அடிப்பகுதியை அதனுள் செருகிக்கொண்டால் போதும்.

எடையையும் கணக்கிடுவோம். பிள்ளையின் முதுகில் ஏறும் சுமை உடல் எடையில் 10 முதல் 15 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது என்பது பொதுவான அறிவுரை. 30 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது 3 கிலோவிலிருந்து நாலரைக் கிலோவரை. ஒன்றரை லிட்டர் தண்ணீரே ஒன்றரைக் கிலோ. மிஞ்சுவது ஒன்றரை முதல் மூன்று கிலோதான். நாம் கொடுக்கும் பட்டியலில் உள்ள அனைத்தையும் ஒருமுறை தராசில் வைத்துப் பார்த்தால், யாருக்காக அதை எழுதினோம் என்ற ஐயம் நமக்கே வந்துவிடும்.

பொருள் பள்ளியுடையது

என் முதல் கருத்து இதுதான்: கூடாரம், தரைவிரிப்பு, மழையங்கி, கைவிளக்கு, ஊதல் ஆகிய ஐந்தையும் பள்ளியே வாங்கி வைத்திருக்கவேண்டும். பந்தையும் வலையையும் பள்ளிதானே வாங்குகிறது? கால்பந்து விளையாட வரும் பிள்ளையிடம் 'உன் பந்தை நீயே கொண்டுவா' என்று நாம் சொல்வதில்லையே! முகாமுக்கு மட்டும் ஏன் வேறு நீதி?

இதற்குப் பணம் எங்கே என்று கேட்கலாம். ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் வாங்கவேண்டியதில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கமும் முன்னாள் மாணவர்களும் கோயில் நிருவாகத்தினரும் பள்ளிக்கு ஏதாவது செய்யவேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு வருகிறார்கள். பெரும்பாலும் அது வெற்றிக் கிண்ணமாகவோ பரிசுப் பையாகவோ முடிகிறது. அடுத்த முறை அவர்களிடம் நான்கு கூடாரங்களைக் கேட்டுப்பாருங்கள். நம் தமிழ்ப்பள்ளிகளில் பல, 150-க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளிகள். அவை தனியே வாங்கத் தேவையில்லை. பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் நான்கைந்து சேர்ந்து ஒரு தொகுதியை வாங்கி, முகாம் தேதிகளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டால் அதே பொருள்கள் அனைவருக்கும் பயன்படும்.

வாங்குவதைவிடக் காப்பதே கடினம் என்பதையும் சொல்லியாகவேண்டும். நம் தட்பவெப்பத்தில் ஈரமாக மடித்துவைத்த கூடாரத்தில் சில நாள்களிலேயே பூஞ்சணம் பிடித்துவிடும். திரும்பி வந்த மறுநாளே மண்டபத்தில் விரித்துக் காயவைக்கவேண்டும். விளக்குகளிலிருந்து மின்கலங்களைக் கழற்றி வைக்கவேண்டும். எண்ணிட்டு, குறிப்பேட்டில் எழுதி, ஆண்டு 6 மாணவர் இருவரிடம் அப்பொறுப்பை ஒப்படைக்கலாம். பொறுப்புணர்ச்சி என்று நாம் வகுப்பில் கற்பிப்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை.

இன்னொன்றும் சொல்வேன். சிலருக்கு இது கசக்கலாம். பள்ளிப் பொருள் இருக்கும்போது, வசதியுள்ள பிள்ளையும் அதையே பயன்படுத்தவேண்டும். 'இல்லாதவர்கள் மட்டும் பள்ளியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்' என்று அறிவித்தால், கேட்பதற்கே பிள்ளைகள் கூசுவார்கள். காய்ச்சல் மீண்டும் வரும். சீருடையின் நோக்கம் என்ன என்பதை நாம் எல்லாரும் அறிவோம். முகாமிலும் அதே நோக்கம் இருக்கட்டும்.

பை பிள்ளையுடையது

இது பெற்றோருக்கு. உங்கள் பிள்ளையின் பையை நீங்கள் அடுக்காதீர்கள்.

அன்பினால்தான் அடுக்குகிறீர்கள், அதில் ஐயமில்லை. ஆனால், இருட்டிய பிறகு மழையில் நிற்கும் பிள்ளையிடம் 'துண்டு எங்கே?' என்று கேட்டால், 'அம்மா எங்க வச்சாங்கன்னு தெரியல டீச்சர்' என்ற பதிலே வருகிறது. தான் அடுக்காத பையில் எது எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? ஒன்றைத் தேட எல்லாவற்றையும் வெளியே கொட்டுகிறது. உலர்ந்த உடையும் நனைகிறது. திரும்பும்போது பை மூடுவதே இல்லை.

அடுக்கும் முறை எளிது. பைக்குள் முதலில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை விரித்துக்கொள்ள வேண்டும். அதன் அடியில் இரவுக்குரிய கைலியும் போர்வையும். அதன்மேல், நாளுக்கொரு சிறு பையாக உடைகள். மாலையில் அதே சிறு பையில் ஈர உடையைப் போட்டுக்கட்டிவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலே மழையங்கி. பக்கத்தில் தண்ணீர்ப்புட்டி. ஒவ்வொரு பொருளிலும் பெயர். ஊதல் பைக்குள் இருக்கக்கூடாது, கழுத்தில் தொங்கவேண்டும். வழி தவறினால் நடக்காமல் அங்கேயே நின்று மும்முறை ஊதவேண்டும் என்பதைப் பிள்ளை மனப்பாடமாக அறிந்திருக்கவேண்டும்.

முகாமுக்கு ஒரு வாரம் முன்பே பள்ளியில் பிள்ளைகளை அடுக்கச் சொல்லி, பிறகு கண்ணை மூடிக்கொண்டு மழையங்கியை எடுக்கச் சொல்லுங்கள். முதல் முறை சிரிப்பும் கூச்சலுமாக இருக்கும். மூன்றாம் முறை கை தானாகப் போகும். அப்பையைத் தூக்கிக்கொண்டு திடலை இரண்டு சுற்று நடந்துவந்தால், எது தேவையற்றது என்று பிள்ளையே சொல்லிவிடும்.

பெற்றோரின் வேலை வேறு. ஆஸ்துமா உள்ள பிள்ளையின் உறிஞ்சுகுழல், ஒவ்வாமை, வழக்கமாக உண்ணும் மருந்து ஆகியவற்றை எழுத்தில் ஆசிரியரிடம் ஒப்படையுங்கள். இதை மட்டும் பிள்ளையின் நினைவுக்கு விட்டுவிடக்கூடாது. கைப்பேசி கொடுத்தனுப்பாதீர்கள். காட்டில் பல இடங்களில் அலைவரிசை கிடைக்காது. ஆசிரியரிடம் உள்ள தாளில் உங்கள் எண் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதே மேல்.

ஒத்திவைக்கும் துணிவு

பள்ளிப் பொருளுக்காக நான் வாதாடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதுவே எல்லாவற்றிலும் பெரியது.

2022 டிசம்பர் 16 அதிகாலை, சிலாங்கூர் பத்தாங் காலியில் முகாமிட்டிருந்தவர்கள்மீது மண் சரிந்து, குழந்தைகள் உட்பட 31 பேர் மாண்டனர். பள்ளி விடுமுறைக்கால மகிழ்ச்சிக்காகச் சென்றவர்கள். முகாமுக்குப் பிள்ளைகளை அழைத்துச்செல்லும் எவரும் அந்நாளை மறக்கக்கூடாது. எந்தப் பையில் எந்தப் பொருளை அடுக்கியிருந்தாலும் சரியும் மலையை அது தடுக்காது. இடத்தைத் தேர்ந்தெடுப்பதும், போகாமல் இருப்பதுமே தடுக்கும். தங்குமிடத்திற்கு ஊராட்சியின் உரிமம் இருக்கிறதா, மேலே சரிவு இருக்கிறதா, கூடாரத்திற்கும் ஆற்றுக்கும் எவ்வளவு தூரம் என்று முன்கூட்டியே நேரில் சென்று பார்க்கவேண்டும். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும், மேற்பகுதியில் பெய்த மழையால் ஆறு திடீரெனப் பெருக்கெடுத்துவரும். 'கெப்பாலா ஆயர்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தண்ணீர் கலங்கி, இலையும் குச்சியும் மிதந்துவரத் தொடங்கினால் உடனே கரையேறி மேட்டுக்குச் செல்லவேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை கிழக்குக் கரையில் பருவமழை. மேற்குக் கரையில் ஏப்ரல், அக்டோபர் போன்ற பருவமாற்றக் காலங்களில் மாலை வேளையில் இடியுடன் கனத்த மழை.

இப்போது நினைத்துப்பாருங்கள். வானிலைத் துறை மழை எச்சரிக்கை விடுத்திருக்கிறது. நாளைக் காலை புறப்பாடு. முப்பது குடும்பங்கள் ஆளுக்கு 250 ரிங்கிட் செலவிட்டுப் பொருள் வாங்கியிருக்கின்றன. அந்த நிலையில் 'முகாம் இல்லை' என்று சொல்ல ஓர் ஆசிரியருக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்? 'இவ்வளவு செலவு செய்துவிட்டோமே' என்ற ஒரு குரல் போதும், முடிவு தடுமாற. பொருள்கள் பள்ளியின் அலமாரியில் இருந்தால் ஒத்திவைப்பது எளிது. கூடாரம் அடுத்த மாதமும் கூடாரமாகவே இருக்கும்.

'ஆசிரியருக்கு ஏற்கெனவே வேலை அதிகம், இதுவும் வேண்டுமா?' என்று நண்பர்கள் கேட்பது எனக்குப் புரிகிறது. முகாமில் கிழிந்த பையைத் தைப்பதும், காணாமற்போன காலணியைத் தேடுவதும், நனைந்த பிள்ளைக்கு நம் சட்டையைக் கொடுப்பதும் இப்போதே நம் வேலையாகத்தான் இருக்கின்றன. அந்த நேரத்தை முகாமுக்கு முந்திய வாரத்திற்கு மாற்றிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்குச் செல்லுமுன், உங்கள் பள்ளியின் முகாம் பட்டியலை எடுத்து மூன்று கேள்விகளைக் கேட்டுப்பாருங்கள். இதிலுள்ள பொருள் ஒவ்வொன்றும் நாம் போகும் இடத்திற்கு உண்மையிலேயே தேவையா? அனைத்தும் சேர்ந்து என்ன எடை? புதிதாக வாங்கினால் என்ன விலை? மூன்றாவது கேள்விக்கான விடையைக் கையில் வைத்துக்கொண்டு, சென்ற முகாமுக்கு வராத பிள்ளைகளின் பெயர்களை ஒருமுறை படித்துப்பாருங்கள்.