யப்பானியக் கிண்ணமும் மொலகொடச் சட்டியும்

யப்பானியக் குயவர் வனைந்த தேநீர்க் கிண்ணங்களைச் சேகரிப்பவர் சிலரைக் கண்டியிலும் பேராதனையிலும் அறிவேன். பிசென், சிகராக்கி, ஹகி, மஷிகோ என அவர்கள் ஊர்ப்பெயர்களை உச்சரிக்கும் அழகே தனி. வனைந்தவர் கையொப்பமிட்ட மரப்பெட்டியோடு கிண்ணம் வந்தால் பெட்டியையும் கண்ணாடி அலுமாரியில் வைத்துப் போற்றுகிறார்கள். இதில் எனக்கு வழக்கில்லை. நல்ல கலைப்பொருளுக்கு நல்ல விலை கொடுப்பது குற்றமன்று.

என் வழக்கு வேறு. இதே அன்பர்கள் கொழும்புக்குக் காரில் செல்லும்போது மாவனெல்லையைத் தாண்டியதும் மொலகொடவில் நிறுத்துகிறார்கள். வீதியோரம் அடுக்கிய சட்டி, பானைகளைப் புரட்டிப் பார்த்து, ஐம்பது ரூபா குறைக்கும்படி பேரம் பேசுகிறார்கள். தயிர் தின்று முடிந்ததும் சட்டியைக் குப்பையில் எறிகிறார்கள்.

கேட்டால் இரண்டு நியாயங்கள் சொல்வார்கள். முதலாவது தரம். மொலகொடச் சட்டி குறைந்த சூட்டில் சுட்டது, நீர் கசியும், பளபளப்புப் பூச்சு இல்லாதது என்பர். பிசென் கலங்களுக்கும் பூச்சு இல்லையே! அவை கடுஞ்சூட்டில் கல்லாய் இறுகுபவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேநீர்ச் சடங்கில் உயர்ந்த இடம் பெற்ற ராக்கு கிண்ணம் சக்கரத்தில் வனையப்படுவதில்லை. கையால் பிடித்து, பிசெனைவிடக் குறைந்த சூட்டில் சுடுவது. சூடுதான் தரத்தின் அளவுகோல் என்றால் ராக்குவையும் குப்பையில் எறிய வேண்டும். மண்ணும் கைத்திறனும் நம்மிடம் இல்லை என்றும் சொல்ல முடியாது. 1970களில் மாத்தளையில் தொடங்கிய நொரிடாக்கே தொழிற்சாலையின் பீங்கான் தட்டுகள் கடல் கடந்து போய்ச் சேர்ந்தன.

இரண்டாவது நியாயம், சட்டி வெறும் பாவனைப் பொருள், கலைப்பொருள் அன்று என்பது. யப்பான் தேசியச் செல்வமாக அறிவித்துக் கியோத்தோவின் தைதொகுஜி மடத்து வளாகத்தில் காக்கப்படும் 'கிசாஎமொன்' கிண்ணம் எது? கொரியக் குயவர் வனைந்த எளிய கலம். அதை 1931இல் கையில் ஏந்திப் பார்த்து, ஏழைகளின் சாதாரணக் கிண்ணம் என்று போற்றியவர் யனாகி சோயெட்சு. அவரும் ஹமதா ஷோஜியும் கவாய் கஞ்சிரோவும் 1925இல் உருவாக்கிய சொல்தான் 'மிங்கேய்', அதாவது மக்கட்கலை. ஹமதா தேர்ந்துகொண்ட மஷிகோவோ, தோக்கியோவின் சமையலறைகளுக்குச் சாடியும் கெண்டியும் செய்துகொண்டிருந்த கிராமம். 1955இல் அரசு அவரை 'வாழும் தேசியச் செல்வம்' என்று கௌரவித்தது.

இந்தப் பாடத்தைக் கற்க யப்பானுக்குப் போகவும் வேண்டியதில்லை. மிங்கேய் என்ற சொல் பிறப்பதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்பே, 1908இல், ஆனந்த குமாரசுவாமி கண்டி நாட்டுக் கைவினைஞர்களைப் பற்றி 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற பெருநூலை வெளியிட்டார். அச்சிட்டவை 425 பிரதிகள் மட்டுமே. அவரோடு கிராமம் கிராமமாகச் சென்று படம் எடுத்த மனைவி எதெல், பின்னாளில் இங்கிலாந்தின் டிச்லிங்கில் புகழ்பெற்ற நெசவாளரானார். 1920களின் தொடக்கத்தில் பேர்ணாட் லீச்சும் ஹமதாவும் அங்கு சென்று அவரைக் கண்டனர். நாட்டுப்புறத்தில் கைத்தொழிலோடு வாழும் அந்த வாழ்க்கை ஹமதாவின் மனதில் ஆழப் பதிந்தது. கண்டிக் கிராமங்களைக் கண்ட கண்களை மஷிகோவின் குயவர் சந்தித்திருக்கிறார், நாம்தான் சந்திக்கவில்லை.

ஆகவே தடை தரமும் அன்று, கலையும் அன்று. தடை சாதி. கண்டி இராச்சியத்தில் குயவர் 'படஹெல பத்த' என்ற பிரிவின் கீழ் அரசனுக்கும் கோயிலுக்கும் கலம் வனைந்து கொடுக்கக் கடமைப்பட்டிருந்தனர். அரச ஊழியத்தை 1832இல் ஆங்கிலேயர் ஒழித்தனர். இழிவை எவரும் ஒழிக்கவில்லை. தமிழர் நாமும் இதில் சளைத்தவர்கள் அல்லர். ஐயனாருக்கு மண்குதிரை செய்யும் வேளார் தமிழகத்தின் பல ஊர்களில் அக்கோயிலின் பூசாரியும் ஆவார். திருவிழா முடிந்தபின் அவருக்கு என்ன மதிப்பு?

யப்பானியக் குயவனின் பெயரைப் பெட்டியில் பார்த்து மனப்பாடம் செய்பவர், மொலகொடவில் சட்டி விற்கும் மனிதரின் பெயரை ஒருமுறையேனும் கேட்டதுண்டா? வனைந்தவர் பெயரைச் சட்டியின் அடியில் பொறிக்கச் சொன்னதுண்டா? கேட்காத பெயருக்கு மதிப்பு வராது. மதிப்பில்லாத தொழிலுக்கு எந்தத் தகப்பன் தன் மகனை அனுப்புவான்? அலுமினியமும் பிளாஸ்டிக்கும் குயவரின் சந்தையைப் பறித்தது உண்மை. மீதியைப் பறிப்பது நம் பேரம்.

மஷிகோ பிழைத்தது அனுதாபத்தால் அன்று. நகரத்தவர் பெயர் கேட்டு, உரிய விலை கொடுத்து வாங்கியதால். சேகரிப்போர் தொடர்ந்து சேகரிக்கட்டும். அடுத்த முறை மொலகொடவில் இறங்கும்போது பேரம் பேசாமல் வாங்கட்டும், பெயரைக் கேட்கட்டும், அந்தச் சட்டிக்கும் அலுமாரியில் ஓர் இடம் ஒதுக்கட்டும். அதற்கு மனமில்லாதவர் யப்பானியக் கலையின் எளிமையைப் பற்றி எனக்கு விரிவுரை நிகழ்த்த வேண்டாம்.