பழைய தொலைபேசியும் புதிய இழையும்

வேலையை நாடிப் பெங்களூருக்கு வந்து வேரூன்றிய நம் குடும்பங்கள் பலவற்றில், கூடத்து மூலையில் பழைய தொலைபேசி ஒன்று இன்றும் வீற்றிருக்கக் காண்கிறோம். அதன் எண்ணை ஊரிலுள்ள உற்றார் மனப்பாடமாக அறிவர். கைப்பேசியின் கண்ணாடித் திரையைத் தொட்டுப் பழகாத முதியோர்க்கு, எடுத்தால் பேசவும் வைத்தால் ஓயவும் வல்ல அக்கருவியே உற்ற துணை. இப்பொழுதோ செம்புக் கம்பி போய்க் கண்ணாடி இழை வீடுதோறும் வருகிறது. "இனி இக்கருவி எதற்கு? பழைய சாமான்காரனிடம் போட்டுவிடலாமே!" என்று இளைஞர் கருதுவது இயல்பு. அவசரப்பட வேண்டா என்பதே நாம் கூற விழைவது. அக்கருவியையே புதிய இழையில் இணைத்து இணையத்தின் வழியே பேசலாம். ஆனால் அவ்வாறு செய்யுங்கால் நாம் ஏற்க வேண்டிய பொறுப்பு ஒன்று உண்டு. அதனையும் இத்திங்கள் எடுத்துரைப்போம்.

தொலைபேசிக்கும் நம் நகருக்கும் உள்ள உறவு பழமையானது. 1948ஆம் ஆண்டில் ஐ.டி.ஐ. தொழிற்சாலை இங்கே நிறுவப்பெற்றது. அதனைச் சூழ்ந்து எழுந்த குடியிருப்பு தூரவாணி நகர் எனப் பெயர் பெற்றது. கன்னட மொழியில் 'தூரவாணி' என்றால் தொலைபேசி என்பது பொருள். விரலிட்டுச் சுழற்றும் கருவிகளை அங்கே உருவாக்கிய கைகளுள் தமிழர் கைகளும் இருந்தன.

இணையத்தின் வழியே பேசுவதற்கு நம் நாட்டில் 2002 ஏப்ரல் 1 முதல் இசைவு கிடைத்தது. எனினும் அந்நாளில் கணினியிலிருந்து கணினிக்கும், கணினியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசிக்கும் பேச இயன்றதேயன்றி, உள்நாட்டு எண்களை அவ்வாறு அழைத்தல் கூடாதிருந்தது. 2018ஆம் ஆண்டில் உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கு அவ்வழி திறந்தது. அவ்வாண்டு சூலைத் திங்களில் பி.எஸ்.என்.எல். 'விங்ஸ்' என்னும் பெயரில் அத்தகைய சேவை ஒன்றை அறிவித்தது.

இனி, இது நடைபெறும் விதத்தைப் பார்ப்போம். நாம் பேசும் குரலை ஒரு சிறு பெட்டி நொடிக்கு 8,000 முறை அளந்து எண்களாக மாற்றுகிறது. அவ்வெண்களை நொடிக்கு 50 பொட்டலங்களாகக் கட்டி இணையத்தில் அனுப்புகிறது. மறுமுனையில் அவை பிரிக்கப்பெற்று மீண்டும் குரலாகின்றன. ஒரு நீண்ட மடலைப் பல அஞ்சலட்டைகளில் எழுதி, ஒவ்வொன்றிற்கும் முகவரியிட்டு அனுப்புவதை இதற்கு ஒப்பாகச் சொல்லலாம். இதற்கு வேண்டிய இணைய வேகம், ஒவ்வொரு திசையிலும் நொடிக்கு ஏறத்தாழ 90 கிலோபிட் அளவே. ஆயினும் அதே வேளையில் பிள்ளைகள் பெரிய படக்கோப்புகளை ஏற்றினால் பேச்சு விட்டுவிட்டுக் கேட்கும். குரலுக்கு முதலிடம் தரும் ஏற்பாடு பல பெட்டிகளில் உண்டு. இணைப்புத் தருவோரிடம் கேட்டு அதனை அமைத்துக்கொள்க.

கருவியை இணைக்க இரு வழிகள் உள்ளன. இழை இணைப்புத் தரும் நிறுவனத்தார் வீட்டில் பொருத்தும் பெட்டியிலேயே தொலைபேசிக் கம்பி செருகும் துளை பெரும்பாலும் இருக்கும். அவர்கள் உங்கள் எண்ணை அப்பெட்டியில் பதிவு செய்த பின்னர், கருவியின் கம்பியை அத்துளையில் செருகினால் போதும். அத்துளை இல்லாதோர்க்கு ஏ.டி.ஏ. என்னும் தனிப்பெட்டி கடைகளில் கிடைக்கிறது. அதனை ரௌட்டருடன் ஒரு கம்பியால் இணைத்து, உரிமம் பெற்ற நிறுவனம் தரும் கணக்குப் பெயரையும் கடவுச்சொல்லையும் அதில் இட வேண்டும். எவ்வழியாயினும், ஒலிவாங்கியைக் காதில் வைத்ததும் பழகிய 'ம்ம்' என்னும் ஒலி கேட்குமாயின் வேலை முடிந்தது எனலாம்.

இதில் கருத வேண்டியவை மூன்று. முதலாவது, பெட்டிகள் பல பொத்தானின் ஒலியை மட்டுமே உணரும்; சுழல்தட்டின் துடிப்பை உணரா. ஆதலின் சுழற்றும் கருவியில் வரும் அழைப்பை ஏற்றுப் பேச இயலும். அழைக்க இயலாமற் போகலாம். பொத்தான் கருவியின் அடியில் 'டி', 'பி' என்னும் ஆங்கில எழுத்துகளுடன் சிறு விசை இருப்பின் அதனை 'டி' பக்கம் தள்ளி வைக்க. இரண்டாவது, சுவருக்குள் ஓடும் பழைய கம்பிகளையே பயன்படுத்த எண்ணினால், வெளியிலிருந்து வரும் செம்புக் கம்பியை முதலில் துண்டித்துவிடுக. அதில் எஞ்சியிருக்கும் மின்னழுத்தம் புதிய பெட்டியைப் பழுதாக்கக் கூடும். மூன்றாவது, வீட்டுத் தொலைபேசியிலிருந்து கைப்பேசியை அழைக்க, எண்ணின் முன் 0 சேர்க்க வேண்டும் என்னும் விதி 2021 சனவரி 15 முதல் நடைமுறைக்கு வந்தது. பெரியவர்கள் வைத்திருக்கும் எண் ஏட்டில் அந்தச் 0வையும் சேர்த்தே எழுதிவைக்க.

முன்னே குறித்த பொறுப்புக்கு வருவோம். செம்புக் கம்பி நம் குரலை மட்டும் சுமக்கவில்லை. கருவிக்கு வேண்டிய மின்சாரத்தையும் சுமந்தது. தொலைபேசி நிலையத்தில் 48 வோல்ட் மின்கல அடுக்குகள் இருந்தன. ஊரே இருண்டாலும் அவை உயிர் தந்தன. கோடை மழையில் மரம் விழுந்து தெரு முழுதும் விளக்கணைந்த இரவிலும் தொலைபேசியில் பேச முடிந்தது இதனாலேயே. அக்காவலை நாம் கேட்டுப் பெறவில்லை. எனவே அப்படியொன்று உண்டு என்பதைக்கூட நம்மிற் பலர் அறிந்திலோம்.

கண்ணாடி இழை ஒளியைச் சுமக்கும், மின்சாரத்தைச் சுமவாது. வீட்டில் மின்சாரம் நின்றால் பெட்டி நிற்கும். பெட்டி நின்றால் தொலைபேசியும் ஊமையாகும். பகலெல்லாம் மக்கள் அலுவலகத்தில் இருக்க, வீட்டில் தனித்திருக்கும் தாய்க்கு நெஞ்சு வலி கண்டால், அந்நேரத்தில் மின்சாரமும் இல்லையாயின், ஊமைக் கருவியால் என்ன பயன்? முன்பு நிலையத்தார் செய்த காவலை இனி நாமே செய்ய வேண்டும்.

அது கடினமன்று; பெருஞ்செலவும் அன்று. ரௌட்டருக்கென்றே சிறிய யு.பி.எஸ். விற்கிறார்கள். உங்கள் பெட்டியின் மின்செருகியில் அச்சிட்டுள்ள வோல்ட், ஆம்பியர் அளவுகளைக் குறித்துக்கொண்டு, அவற்றிற்குப் பொருந்துவதை வாங்குக. பெரும்பாலும் அது 12 வோல்ட்டாக இருக்கும். ஏ.டி.ஏ. தனியே வைத்திருப்போர் அதனையும் மறவற்க. கம்பியில்லாக் கருவியாயின் அதன் அடித்தளத்திற்கும் தனி மின்சாரம் வேண்டும். ஆதலின் முதியோர் உள்ள இல்லத்தில் கம்பியுள்ள கருவியே சிறந்தது. அடுக்கு மாடியில் வாழ்வோர் மற்றொன்றும் வினவுக: கீழ்த்தளத்தில் இணையப் பெட்டி வேறொன்று இருந்தால், அதற்கு மின்சேமிப்பு உண்டா? அது அணைந்தால் உங்கள் வீட்டு யு.பி.எஸ்.ஸினால் பயனில்லை.

எல்லாம் அமைத்த பின்னர் ஒரு நாள் மின்விசையை நிறுத்திவிட்டு, முதியவரையே உறவினர் ஒருவரை அழைக்கச் செய்க. எத்துணை நேரம் தாங்குகிறது என்பதையும் பார்த்துக்கொள்க. கருவிக்கு மேலே சுவரில் 112 என்னும் அவசர எண்ணையும், வீட்டின் முழு முகவரியையும் பெரிய எழுத்தில் ஒட்டுக. அச்சத்தில் வாய் குழறும்பொழுது கண் படித்து உதவும். அவ்வாறு உதவிக்கு அழைக்கக் கைப்பேசி ஒன்றும் மின்னேற்றப்பட்டு அருகில் இருத்தல் நன்று.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. "சிம் அட்டைகள் செருகிய இப்பெட்டி உங்கள் வீட்டில் இருக்கட்டும்; திங்கள்தோறும் வாடகை தருகிறோம்" என்று எவரேனும் வந்தால் இடங்கொடுக்க வேண்டா. வெளிநாட்டு அழைப்புகளை இணையத்தின் வழியே கொணர்ந்து உள்ளூர் அழைப்புகளாக மாற்றும் கள்ளத் தொலைபேசி நிலையங்கள் அவை. 2021 சூன் திங்களில் நம் நகரிலேயே அத்தகையது ஒன்று காவல் துறையினரிடம் பிடிபட்டது. நம் வீட்டுத் தொலைபேசியை இணையத்தில் இணைப்பது வேறு; இது வேறு.

பழங்கருவியைப் பேணுவது வெறும் பற்றினால் அன்று. எண்பது ஆண்டுக் கை அறிந்த பொத்தான்கள் அவை. அக்கை இருட்டிலும் தடவி எடுக்கும்பொழுது மறுமுனையில் ஒரு குரல் கேட்க வேண்டும். இம்மாதம் ஊருக்குப் பணம் அனுப்பக் கணக்கிடும்பொழுது, அச்சிறு யு.பி.எஸ்.ஸின் விலையையும் அக்கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.