திருநெல்வேலி மண்ணில் எந்த வடத்தைப் புதைப்பது?

திருநெல்வேலி இராமநாதன் வீதியில் அமைந்துள்ள யாழ். பல்கலைக்கழகம் இன்று ஒரே வளாகத்துக்குள் அடங்கிய நிறுவனம் அல்ல. அதன் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் அறுபது கிலோமீற்றருக்கும் அப்பால், கிளிநொச்சி அறிவியல்நகரில் இயங்குகின்றன. ஒலுவிலில் தலைமை வளாகத்தையும் சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞான பீடத்தையும் கொண்ட தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நிலையும் ஏறத்தாழ இதுவே. 2020 மார்ச்சில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டு விரிவுரைகள் இணையத்துக்கு மாறியபோது, நல்ல இணைப்பு இல்லாத மாணவர் பட்ட அவதியை நாம் மறந்துவிடவில்லை. ஆகவே, எந்த ஒளியியல் நார் வடம் வாங்கப்படுகிறது என்பதைத் தொழினுட்பவியலாளரின் தனிக் கவலையென ஒதுக்கிவிட முடியாது.

இவ்வடங்கள் இரு வகைப்படும். ‘மல்ரி மோட்’ எனப்படும் பன்முறை நாரின் உள்ளகம் 50 அல்லது 62.5 மைக்கிரோமீற்றர் அகலமானது. ஒளி அதனுள் பல பாதைகளில் செல்வதால், ஒன்றாகப் புறப்பட்ட துடிப்பு முன்பின்னாக வந்து சேர்ந்து மங்குகிறது. ‘சிங்கிள் மோட்’ எனப்படும் ஒற்றைமுறை நாரின் உள்ளகமோ ஏறத்தாழ 9 மைக்கிரோமீற்றர்தான். அங்கு ஒளிக்கு ஒரே பாதை. 1550 நனோமீற்றர் அலைநீளத்தில் கிலோமீற்றருக்குச் சுமார் 0.2 டெசிபெல் மட்டுமே இழக்கப்படுவதால், ஒளி பாதியாகக் குறையப் பதினைந்து கிலோமீற்றர் செல்லவேண்டும். பன்முறை நாரில், வழக்கமான 850 நனோமீற்றரில், ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரிலேயே பாதி போய்விடும். தூய கண்ணாடியில் ஒளியை நெடுந்தூரம் செலுத்தலாம் என 1966இல் எடுத்துக்காட்டிய சார்ள்ஸ் காவோவுக்கு நொபெல் பரிசு கிடைத்தது 2009இல்தான் என்பதையும் இங்கு குறிப்பிடலாம்.

கிளிநொச்சிக்கான இணைப்பைப் பொறுத்தவரை விவாதத்துக்கே இடமில்லை. வளாகத்துக்குள் கட்டிடம் விட்டுக் கட்டிடம் செல்லும் சில நூறு மீற்றர்களில்தான் தயக்கம் எழுகிறது. பன்முறை நாரின் முனைக் கருவிகள் மலிவானவை என்ற பழைய வாதம் இன்னும் கேட்கிறது. அந்த விலை வித்தியாசம் முன்னரைவிட வெகுவாகச் சுருங்கிவிட்டது. பழைய 62.5 மைக்கிரோமீற்றர் நாரில் விநாடிக்கு 10 கிகாபிற் வேகம் 33 மீற்றருடன் நின்றுவிடும். ஒற்றைமுறை நாரில் சாதாரணக் கருவியுடனேயே பத்துக் கிலோமீற்றர் செல்லும். முனைக் கருவியை நாளை மாற்றலாம். புதைத்த வடத்தை மாற்றுவது எளிதன்று. திருநெல்வேலியின் செம்மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக் கல் கிடக்கிறது. அதனைத் தோண்டும் கூலிக்கு முன்னால் நாரின் விலை அற்பமே. 2022இல் டொலர் ஒன்று சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதைக் கண்ட நாடு, இறக்குமதிப் பொருளை இருமுறை வாங்கத் துணியலாகாது.

‘சிங்கிள் மோட்’ என்று மட்டும் எழுதிக் கேள்வி அறிவித்தல் விடுவதும் போதாது. நெடுந்தூரத்துக்கு ஜி.652டி தரமும், சுவர் மூலைகளில் வளைந்து செல்லும் உள்வேலைகளுக்கு ஜி.657 தரமும் உரியவை. மாரியில் நீர் தேங்கும் இடங்களில் நீர்த்தடுப்புக் கொண்ட வடமும், மின்கம்பங்களில் தொங்கவிடுவதாயின் உலோகம் அற்ற வடமும் வேண்டும். பச்சைமுனை இணைப்பியை நீலமுனை இணைப்பியுடன் பொருத்தி ஒளியைக் கெடுக்கும் கவனயீனம் சிறிதெனத் தோன்றினும், நல்ல வடத்தையும் பயனற்றதாக்கிவிடும்.

பல்கலைக்கழக மதிலோடு இது நின்றுவிடலாகாது. வருமானம் நிச்சயமான வீதிகளுக்கே நிறுவனங்கள் முதலில் செல்லும் என்பது இயல்பு. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, நெடுங்காலம் கழித்துத் திரும்பிய சோனகதெருக் குடும்பங்கள் பலவற்றின் உறவுகள் இன்னும் புத்தளத்தில் உள்ளன. அத்தெருப் பிள்ளைகளும் கொக்குவில், கோண்டாவில் பிள்ளைகளும் கடைசியாகக் காத்திருக்க வேண்டியவர்கள் அல்லர். எனவே பொதுப் பணத்தில் வடம் இடும்போது, இன்றைய தேவைக்கு மேலாகச் சில நார்களைச் சேர்த்தே இடுமாறும், சென்ற பாதையின் வரைபடத்தை நல்லூர் பிரதேச சபையிடமும் மாநகர சபையிடமும் கையளிக்குமாறும் நாம் கோருகின்றோம். ஒருவர் இட்ட தார் காயுமுன் மற்றவர் தோண்டும் வீதிகளில், அந்த வரைபடம் இல்லாவிடில் எந்தத் தரத்து நாரும் மண்வெட்டிக்குத் தப்பாது.