வீட்டில் இலக்கணம் எப்போது?



பிள்ளை தேசியப் பள்ளியில் படிக்கிறது, தமிழை வீட்டில்தான் சொல்லிக் கொடுக்கிறோம், இலக்கணத்தை எப்போது தொடங்கலாம் என்று சிலர் கேட்கிறீர்கள். எழுத்துக் கூட்டாமல் ஒரு சிறு கதையைத் தானே வாசிக்கட்டும், பிறகு தொடங்குங்கள். பெரும்பாலும் 8, 9 வயதாகிவிடும். அதற்கு முன்பே எழுவாய், பயனிலை என்று ஆரம்பித்தால் பிள்ளை தமிழ்ப் புத்தகத்தைக் கண்டாலே ஓடும். வீட்டை விட்டால் தமிழ் கேட்க வழி குறைந்த பிள்ளை அது. ஒருமுறை வெறுத்துவிட்டால் மீட்பது கடினம்.

முதலில் வினையின் முடிவைக் கவனியுங்கள். மலாயில் நான் வந்தாலும் நாய் வந்தாலும் 'டாத்தாங்'தான், சொல் மாறாது. அதில் பழகிய பிள்ளைக்கு 'நாய் வந்தான்' என்பதில் பிழை தெரியாது. ('அக்கா வந்துச்சு' என்று நாமும்தான் பேசுகிறோம். பேச்சில் இருக்கட்டும், எழுத்தில் ஆகாது.) திட்டாமல், "ஓ, நாய் வந்ததா?" என்று திருத்திக் கேளுங்கள். பிறகு ஒரு தாளில் நான், நீ, அவன், அவள், அவர், அது என்று எழுதி, 'வா' என்பதை ஒவ்வொன்றுக்கும் ஏற்ப முடிக்கச் சொல்லுங்கள்: வந்தேன், வந்தாய், வந்தான்... மறுநாள் 'போ'. 10 நிமிடம் போதும். தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற பெயர்களை அப்புறம் சொல்லலாம்.

வலி மிகும் இடம், மிகா இடமா? பெரியவர்களே தடுமாறும் பகுதி அது. இரண்டு ஆண்டுகள் பொறுங்கள்.