எங்கள் பெட்டிக்கடையும் ஒரு 'கேஸ்'தான்!



"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். மூன்றாம் ஆண்டில் நாம் படிக்கும் மேனேஜ்மெண்ட் பாடத்தைத் திறக்கும் போதெல்லாம் எனக்கு அந்தப் பழமொழிதான் ஞாபகம் வருகிறது. ஹென்றி ஃபேயோலின் 14 கோட்பாடுகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். டெஸ்டில் அதற்கு நல்ல மார்க்கும் வாங்கினேன். ஆனால் கடலூர் முதுநகரில் எங்கள் அப்பா நடத்திய பெட்டிக்கடை ஏன் மூடிப் போனது என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியவில்லை.

அப்பா ஐந்தாம் வகுப்பு. அம்மா பள்ளிக்கூடம் போனதே இல்லை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். "படிச்ச புள்ளை நீ, சொல்லுடா" என்று வீட்டில் கேட்கும்போது விழிப்பது எவ்வளவு வெட்கம் என்பது என்னைப் போல் வந்தவர்களுக்குத் தெரியும்.

சென்ற வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை துறைமுகம் ஸ்டேஷனில் பாசஞ்சர் ஏறி சிதம்பரம் போனேன். எங்கள் தெரு அண்ணன் ஒருவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. படிக்கிறார். அவர் அறையில் நாலைந்து பேர் உட்கார்ந்து சண்டை போடுவது போல் பேசிக்கொண்டிருந்தார்கள். "கேஸ் பாத்துட்டு இருக்கோம் தம்பி, உக்காரு" என்றார் அண்ணன். எங்கள் வீட்டில் கேஸ் என்றால் கோர்ட்டு கேஸ்தான்! ஒரு நிமிடம் பயந்தே விட்டேன்.

பிறகுதான் புரிந்தது, அது கேஸ் ஸ்டடி. ஒரு கம்பெனிக்கு உண்மையில் வந்த சிக்கலை எழுதிக் கொடுத்து, "இந்த இடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்பார்கள். விடை தாளில் இருக்காது. இந்த முறை உண்மையிலேயே சட்டப் படிப்பிலிருந்து வந்ததாம். அமெரிக்காவில் ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் 1870ல் தீர்ப்புகளை வைத்துப் பாடம் நடத்த ஆரம்பித்தார்கள். 1908ல் தொடங்கிய ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் அதைப் பின்பற்றி, 1921ல் ஒரு ஷூ கம்பெனியைப் பற்றித் தன் முதல் கேஸை எழுதியது. 1961ல் தொடங்கிய அகமதாபாத் ஐ.ஐ.எம். ஹார்வர்டின் உதவியோடு அதை இந்தியாவுக்குக் கொண்டு வந்தது.

அன்று அவர்கள் கையில் இருந்த கேஸ் எது தெரியுமா? நம் கடலூர் கேஸ்! ஷாம்பு பாட்டிலில் மட்டும் விற்ற காலத்தில், கூலி வேலைக்குப் போகிறவரும் வாங்கட்டும் என்று சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்க வழி காட்டியவர் கடலூர் சின்னிகிருஷ்ணன். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983ல் குடும்பத் தொழிலை விட்டுப் பிரிந்து, 15,000 ரூபாய் முதலில் தனியாக ஆரம்பித்தார். அப்பா பெயரின் எழுத்துகளைச் சேர்த்து 'சிக்' ஷாம்பு என்று பெயர் வைத்தார். எந்தக் கம்பெனியின் காலிப் பாக்கெட் ஆனாலும் சரி, 5 கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார். பிறகு சிக் காலிப் பாக்கெட்டுக்கு மட்டும்தான் என்று மாற்றினார். அந்தக் கம்பெனிதான் 1998ல் கெவின்கேர் என்று பெயர் மாறியது.

"இலவசம் கொடுத்தால் நஷ்டம்தானே?" என்று ஒருவர். "விளம்பரச் செலவு என்று வைத்துக்கொள்" என்று இன்னொருவர். அண்ணன் திடீரென்று என் பக்கம் திரும்பி, "கடைக்காரர் வீட்டுப் புள்ளை, நீ சொல்லு" என்றார். நாக்கு ஒட்டிக்கொண்டது. தயங்கித் தயங்கிச் சொன்னேன்: "பாட்டில் வாங்கினா ஒரு மாசத்துக் காசு மொத்தமா போயிடும்ண்ணா. எங்க கடைக்கு வர்றவங்க அன்னன்னைக்குக் கூலியிலதான் வாங்குவாங்க. ஆனா காலிப் பாக்கெட்டை எண்ணி வாங்கி வைக்கிறது கடைக்காரருக்குத்தான் வேலை. அவருக்கு என்ன லாபம்னு பாக்கணும்." சட்டென்று பேச்சு நின்றது. "இது எங்களுக்குத் தோணலையேடா" என்றார் அண்ணன். அப்புறம் கடைக்காரர் கமிஷனைப் பற்றியே அரை மணி நேரம் பேசினார்கள்.

நண்பர்களே, நான் பெருமைக்குச் சொல்லவில்லை. தோரணம் மாதிரி தொங்கும் பாக்கெட்டைக் கிழித்துக் கொடுத்த கைக்குத் தெரிந்த விஷயம் அது. அதுவும் படிப்புதான் என்று அன்றுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவின் கடன் நோட்டை எடுத்தேன். 2020 ஊரடங்கில் தெருவே வேலையில்லாமல் இருந்தபோது எழுதிய கணக்கு. 41 பேர், மொத்தம் 38,000 ரூபாய். மொத்தக் கடையில் சரக்கு எடுக்க ரொக்கம் கேட்டார்கள். அப்பாவின் ரொக்கமோ நோட்டில் இருந்தது. புத்தகத்தில் 'நடைமுறை மூலதனம்' என்று நான் மனப்பாடம் செய்தது இதைத்தான்! "ஆளுக்கு இவ்வளவுதான்னு ஒரு வரம்பு வச்சிருந்தா கடை நின்னிருக்கும்ப்பா" என்றேன். அப்பா கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தார். "நீ சொல்றது செரிதான்டா. ஆனா அந்த மாசம் யார் வீட்டுக்கு இல்லன்னு சொல்லியிருக்கணும்? பேரைச் சொல்லு" என்றார். நான் நோட்டைப் புரட்டினேன். எல்லாம் தெரிந்த பெயர்கள். இன்றுவரை ஒரு பெயரும் சொல்லவில்லை.

இதுதான் கேஸ் ஸ்டடி என்று நினைக்கிறேன். 14 கோட்பாட்டை ஒப்பிப்பவனுக்கு இந்தக் கஷ்டம் கிடையாது. அந்த ஃபேயோலே ஒரு சுரங்க எஞ்சினியர்தான். திவாலாகும் நிலையில் இருந்த கம்பெனியை 1888ல் பொறுப்பேற்று நிமிர்த்தியவர். அந்த அனுபவத்தில் விளைந்ததைத்தான் 1916ல் எழுதினார். நாம் அவர் அனுபவத்தை விட்டுவிட்டு நம்பரை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

"இதெல்லாம் ஐ.ஐ.எம்.காரர்களுக்கு, நமக்கு இங்கிலீஷ் வராது" என்று சிலர் சொல்வார்கள். கடன் நோட்டு தமிழில்தானே இருக்கிறது? தமிழிலேயே பேசலாம். "பரீட்சையில் வராது" என்பார்கள். உண்மைதான். ஆனால் நாளைக்கு ஒர்க்ஷாப்பில் சூப்பர்வைசராக நிற்கும்போது எதிரில் வருவது கேள்வித்தாள் இல்லை, மனிதர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜெயித்தவர் கதையை மட்டும் படித்தால் அது பாராட்டு விழா ஆகிவிடும். 5 காலிப் பாக்கெட்டைத் திரும்ப வாங்கியவரை அது கடைக்கு வந்தது. இன்று எந்தக் கம்பெனிப் பாக்கெட்டானாலும் சில்வர் பீச் மணலிலும் சாக்கடையிலும் கிடக்கிறது. அதைப் பொறுக்குவது யார் செலவு? இந்தக் கேள்வியும் கேஸில் இருக்க வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். மேனேஜ்மெண்ட் பாடத்தில் வாரம் ஒரு மணி நேரம் கேஸ் பேச ஆசிரியப் பெருமக்கள் அனுமதிக்க வேண்டும். நாம் ஒவ்வொருவரும் நம் வீட்டிலிருந்து இரண்டு பக்கம் எழுதிக் கொண்டு வருவோம். பண்ருட்டி முந்திரிக் கொட்டை உடைக்கும் வீடு, துறைமுகத்தில் டீசல் போட்டுப் போகும் படகு, சிதம்பரத்தில் இட்லிக்கடை, எல்லாமே கேஸ்தான். நல்லதாகப் பத்தைத் தேர்ந்தெடுத்து அடுத்த மலரில் பேரவை அச்சிடட்டும்.

முதலாவதாக எங்கள் கடை நோட்டை நான் கொண்டு வருகிறேன், பெயர்களை மட்டும் மறைத்துவிட்டு. அப்பாவுக்குப் பதில் சொல்ல நீங்களும் எனக்கு உதவுங்கள்.



— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு