ஒரே வரியும் ஓசூர் எல்லையும்

"ஒரே நாடு, ஒரே வரி" என்று தமுக்கடித்துக் கொண்டு 2017 ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. வரி அமுலுக்கு வந்தது. இந்த "ஒரே" என்னும் வார்த்தையின் யோக்கியதையைச் சற்றுப் பரீட்சித்துப் பார்ப்போம்.

ஓசூரில் ஓர் அம்மாள் ஊறுகாய் போட்டு, வருஷத்துக்கு 3 லட்ச ரூபாய்க்கு விற்பதாக வைத்துக் கொள்ளுவோம். நமது மாகாணத்தில் சரக்கு விற்பவர், விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும் வரை ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்து கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஆன்லைன் கம்பெனி மூலம் விற்பதானால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும் என்று சட்டத்தின் 24-வது பிரிவு சொல்லிற்று. ஆறு வருஷம் கழித்து, 2023 அக்டோபர் 1 முதல், மாகாணத்துக்குள் விற்பவருக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். எல்லை தாண்டுபவருக்கு இல்லை.

இதன் லட்சணத்தைப் பாருங்கள்! ஏறக்குறைய 400 மைலிலுள்ள கன்னியாகுமரிக்கு அவ்வம்மாள் தாராளமாக அனுப்பலாம். 25 மைலிலுள்ள பெங்களூருக்கு ஒரு ஜாடி அனுப்பினாலோ பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்துவிட்டால் ஓசூரிலேயே விற்கும் ஜாடிக்கும் வரி! விற்பனையே இல்லாத காலத்துக்கும் "ஒன்றுமில்லை" என்று கணக்குக் கொடுக்க வேண்டும். தவறினால் நாள் கணக்கில் தாமதக் கட்டணம். பெரிய கம்பெனிக்குக் கணக்கெழுத ஆபீசு நிறைய ஆளுண்டு. இந்த அம்மாளுக்கோ கணக்கருக்குக் கொடுக்கும் கூலியிலேயே லாபம் கரைந்து போகும்.

இதைவிட வேடிக்கை, ஆலோசனை சொல்லிச் சம்பாதிப்பவர் 20 லட்சம் வரை பதிவில்லாமலே வெளி மாகாணத்தாருக்கு ஆலோசனை விற்கலாம். வாய்ச் சொல்லுக்கு விலக்கு. கையால் செய்த ஊறுகாய்க்கு விலக்கில்லை!

வரி ஏய்ப்பைத் தடுக்கவே இந்த ஏற்பாடு என்று சிலர் சமாதானம் சொல்லுகிறார்கள். ஆன்லைனில் விற்பவரின் கணக்கா ஒளிந்து கிடக்கிறது? ஒவ்வொரு காசும் கம்பெனிப் புத்தகத்திலும் பாங்கியிலும் ஏறுகின்றதே! ரொக்கம் வாங்கிக் கல்லாவில் போடுபவருக்கு விலக்கு, வெளிச்சத்தில் விற்பவருக்குத் தண்டனை என்பது எந்தப் பகுத்தறிவில் சேர்ந்தது?

வரியே கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை. வரியில்லாமல் பள்ளிக்கூடமும் ரோடும் வாரா. நாம் கேட்பதெல்லாம், கடையில் விற்றாலும் கம்பியில்லாத் தந்தியில் விற்றாலும், சரக்கு எந்த ஊருக்குப் போனாலும், அந்த 40 லட்சம் என்னும் அளவுகோல் ஒன்றாகவே இருக்கட்டும் என்பதுதான். அது முடியாதென்றால் "ஒரே வரி" என்னும் பேச்சையாவது சர்க்கார் நிறுத்திக் கொள்ளட்டும்.