முதலில் குரல்களைப் பதிவுசெய்யுங்கள்

திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலி, புதுக்கோட்டை என்று பல பக்கத்து மக்களை இலங்கை மலையகத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்து, லயம் எனப்படும் ஒரே வரிசைக் குடியிருப்பின் அடுத்தடுத்த காம்பிராக்களில் குடிவைத்தார்கள். பிறந்த பிள்ளைகள் யாருடைய உச்சரிப்பை எடுத்துக்கொண்டார்கள், எதை விட்டார்கள்? யாழ்ப்பாணத்தில் 'இலை', 'உலகம்' என்று ஒலிப்பது பொகவந்தலாவைத் தோட்டங்களில் 'எல', 'ஒலகம்' என்று நிலைத்தது. அது இனியும் நிலைக்குமா?

இத்தகைய கேள்விகளை இன்று கணினியில் ஆராய்கிறார்கள். கணினிக்குள் கற்பனைப் பேச்சாளர்களை உருவாக்கி, ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்டுத் தம் ஒலியைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்ள விடுவார்கள். பல தலைமுறை மாற்றத்தைச் சில மணி நேரத்தில் ஓட்டிப் பார்க்கலாம்.

ஆனால் ஓட்டிப் பார்த்தது உண்மையா என்று எப்படி அறிவது? மியூனிக் பல்கலைக்கழகத்தின் ஜொனதன் ஹாரிங்டன் குழு, அண்டார்டிகாவில் குளிர்காலத்தைக் கழித்த 11 பேரின் பேச்சை, போவதற்கு முன்பும் அங்கே தங்கியிருந்தபோதும் பதிவுசெய்தது. முதல் பதிவைக் கணினிக்குக் கொடுத்துக் கணித்த மாற்றத்தைப் பிந்திய பதிவுகளோடு ஒப்பிட்டு, 2019இல் முடிவை வெளியிட்டது. நியூசிலாந்தில் 1946 முதல் 1948 வரை வானொலி வண்டி ஊர் ஊராகப் போய் முதியவர்களின் பேச்சைப் பதிந்தது. அந்தப் பேச்சை வைத்து, பல பக்கக் குடியேறிகளின் பேச்சு கலந்தபோது பெரும்பான்மையோர் ஒலிகளே பிள்ளைகளிடம் தாமாக வென்றன என்று மொழியியலாளர் பீட்டர் டிரட்கில் வாதிட்டார். 2009இல் பாக்ஸ்டரும் சக ஆய்வாளர்களும் அதைக் கணித மாதிரியாக்கிப் பார்த்தபோது, அந்த வழியில் மாற்றம் முடிய உண்மையில் ஆனதைவிட மிக நீண்ட காலம் ஆகும் என்று தெரிந்தது. ஒரு கொள்கையை இப்படி உரசிப் பார்க்க முடிந்ததற்கு அடிப்படை, பழைய குரல்கள் கையில் இருந்ததுதான்.

தோட்டங்களின் பழைய குரல்கள் நம் கையில் இல்லை. ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் அடக்கமாகியிருப்பது பொகவந்தலாவையில்தான். 1870களில் இலங்கையில் அவர் எடுத்த முகங்கள் இன்றும் இருக்கின்றன. அந்த வாய்கள் பேசிய தமிழ் பதிவில் இல்லை.

ஆகவே பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறை இந்த ஆண்டே தோட்டங்களுக்குள் இறங்க வேண்டும் என்று வற்புறுத்துகிறோம். 1948இல் தோட்டத் தமிழரின் குடியுரிமை பறிபோன நாட்களைக் கண்டவர்கள் இன்று முதிர்ந்த வயதில் இருக்கிறார்கள். பாட்டி, மகள், பேத்தி என மூன்று தலைமுறையையும் ஒரே வீட்டில் பதிவுசெய்ய வேண்டும். மூதாதையர் எந்த ஊரிலிருந்து வந்தனர் என்ற குறிப்பும் சேர வேண்டும். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப இலங்கை, இந்திய அரசுகள் முடிவெடுத்தன. அப்படிப் போனவர்களில் பலர் தமிழ்நாட்டின் கூடலூரிலும் கோத்தகிரியிலும் வாழ்கிறார்கள். ஒரே பேச்சு இரு நாடுகளில் இரு வேறு சூழல்களில் வளர்வதை ஒப்பிட இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களும் இதில் கைகோக்க வேண்டும்.

நாட்சம்பளமே வயிற்றுக்குப் போதாதபோது ஒலிப்பதிவா என்று கேட்பார்கள். நியாயமான கோபம். சம்பளப் போராட்டத்தில் ஒரு அடிகூடப் பின்வாங்கச் சொல்லவில்லை. ஆனால் தோட்டப் பேச்சைக் கொச்சை என்று சொல்லி வகுப்பறையில் வாயடைக்கப்படும் பிள்ளைக்கும் ஒரு நியாயம் வேண்டும். அந்தப் பேச்சு சீராகவும் காரணத்தோடும் உருவானது என்பதைச் சான்றோடு காட்டினால், அதை இழிவாகப் பேசுவதற்கு ஆசிரியரிடம் காரணம் இருக்காது.

பதிவுகள் பேசியவர்களின் சம்மதத்தோடு நடக்க வேண்டும். பிரதிகள் அந்தந்தத் தோட்டப் பாடசாலையிலும் வைக்கப்பட வேண்டும். தோட்டத்து இளைஞர்களைப் பயிற்றுவித்து, ஊதியம் கொடுத்து, அவர்களையே பதிவாளர்களாக அமர்த்துங்கள்.